வீட்டு ஸ்டுடியோவுக்குப் பவர் கண்டிஷனர்: இதுவரை செய்து பார்த்தது

மாடி அறையில் பாட்டும் வீணையும் பதிவு செய்கிறேன். மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், சின்ன மிக்சர், யமஹா ஹெச்எஸ்5 மானிட்டர் ஸ்பீக்கர் இரண்டு, கம்ப்யூட்டர். சாமான் அவ்வளவுதான். ஆனால் ஸ்பீக்கரில் எந்நேரமும் ஒரு உறுமல். பொழுது சாய்ந்தால் லோ வோல்டேஜ். ஐப்பசி மழையில் இடி இடித்தாலோ வயிற்றில் புளி கரைக்கும். இதற்கெல்லாம் சேர்த்து, கரண்ட்டை வடிகட்டித் தரும் பவர் கண்டிஷனர் ஒன்றே போதும் என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள். அது நிஜமா என்று பார்த்துவிடலாம் என இறங்கினேன்.

உறுமல்தான் ரொம்பப் படுத்தியது. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். உறுமலில் அதன் இரட்டிப்பான 100-ம் பலமாகக் கேட்கும். என்னிடம் பாட வருபவருக்கு ஐந்து கட்டை சுருதி. அதன் மந்திர சட்ஜம் ஏறக்குறைய 98 ஹெர்ட்ஸ். தம்பூரா ஓடும்போது 98-ம் 100-ம் சேராமல் நொடிக்கு இரண்டு தரம் அலையடிக்கும். "சுருதி சேரவே இல்லையே" என்று அவர் தம்பூராவைத் திருகிக்கொண்டிருந்தார், பாவம்.

சவுண்ட் சர்வீஸ் நடத்தும் நண்பரிடம் ரேக் கண்டிஷனர் ஒன்றை இரவல் வாங்கி மாட்டினேன். உறுமல் அசையவில்லை. அதைவிட வேடிக்கை, மிக்சரின் திருகாணியைத் தொட்டால் முன்பு லேசாக இருந்த சுரீர் இப்போது நன்றாகவே உறைத்தது.

மல்டிமீட்டரை எடுத்து பிளக் பாயின்ட்டில் வைத்தேன். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 226 வோல்ட், சரி. பேஸுக்கும் எர்த்துக்கும் அதை ஒட்டி வர வேண்டும், வந்ததோ 118. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 108. பாதிக்குப் பாதி! அதாவது எர்த் பின் எங்குமே போய்ச் சேரவில்லை, அந்தரத்தில் தொங்குகிறது. ஒவ்வொரு கருவியின் ஃபில்டரிலும் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்குச் சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த் இல்லாவிட்டால் அவை மிக்சரின் உடம்பையே 110 வோல்ட் பக்கம் தூக்கி நிறுத்திவிடும். கண்டிஷனர் என்பதே பெரிய ஃபில்டர் என்பதால் சுரீரும் கூடியது. அது வடிகட்டிய அழுக்கைக் கொட்டவும் இடமில்லை.

எலக்ட்ரீஷியன் அண்ணன் மீட்டர் போர்டுக்குப் பின்னால் கையை விட்டு எர்த் கம்பியை இழுத்தார். கையோடு வந்துவிட்டது. "தம்பி, இது இத்துப்போயி பல வருஷம் இருக்கும்" என்றார். புதுக் குழி தோண்டி, ஜிஐ பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு, கிளாம்பைச் சுரண்டித் துடைத்து முறுக்கினார். இப்போது பேஸ் டு எர்த் 225, நியூட்ரல் டு எர்த் 1.4. சுரீர் போயேபோச்சு. உறுமலும் பெரும்பாலும் அடங்கிவிட்டது.

மிச்சமிருந்தது மெல்லிய கரகரப்பு. ஃபேன் ரெகுலேட்டரைத் திருகினால் அதுவும் கூடவே மாறியது. வழுக்கிக்கொண்டு சுற்றும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் ஒவ்வொரு அலையையும் பாதியில் வெட்டுவதால் வரும் சத்தம் இது. எர்த் கிடைத்த பிறகு இரவல் கண்டிஷனர் இதை ஓரளவு குறைத்தது. ஆனால் சில நூறு ரூபாய்க்கு, ஒன்று இரண்டு மூன்று என்று படிப்படியாகத் திரும்பும் கெப்பாசிட்டர் ரெகுலேட்டர் மாட்டியதும் அடியோடு நின்றது. இன்டர்ஃபேஸிலிருந்து மிக்சருக்குப் போன ஆர்சிஏ வயரையும், வழியில் ஏறும் இரைச்சலை ரத்துசெய்யும் பேலன்ஸ்டு கேபிளாக மாற்றி, எல்லாவற்றுக்கும் ஒரே பாயின்ட்டிலிருந்து கரண்ட் எடுத்தேன். எர்த் பின்னை உடைத்துவிட்டால் ஹம் (அதாவது இந்த உறுமல்) போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஷாக் அடிப்பது பாடுகிறவருக்கு.

ஆக, வாங்க வேண்டியது எது? கண்டிஷனர் வோல்டேஜைச் சரிசெய்யாது. வோல்டேஜ் ரெகுலேட்டர் என்று தெளிவாகப் போட்டிருந்தால் மட்டுமே செய்யும். மற்றவை முகப்பு மீட்டரில் 190 என்று அழகாகக் காட்டிவிட்டு அந்த 190-ஐயே உள்ளே அனுப்பும். இறக்குமதி சரக்கில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அமெரிக்க மாடல்கள் 120 வோல்ட்டுக்கானவை. ஃபர்மன் மாதிரிக் கம்பெனிகள் தனியாகத் தரும் 230 வோல்ட் மாடல்களில் பின்பக்கம் இருப்பவை கம்ப்யூட்டர் பவர் வயரின் முனையில் இருக்கும் வகைச் சாக்கெட்டுகள். நம் மூன்று முள் பிளக் அதில் நுழையாது.

ரிலே ஸ்டெபிலைசரும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். வோல்டேஜ் மாறும்போதெல்லாம் உள்ளே 'டக் டக்' என்று விழும். பதிவில் அது கேட்கும். கடைசியில் வாங்கியது 1 கேவிஏ ஆன்லைன் யுபிஎஸ். வரும் கரண்ட்டை டிசியாக்கி மறுபடி சைன் அலையாகச் செய்து தருவதால் தெரு வோல்டேஜ் எப்படி ஆடினாலும் உள்ளே 230 நிற்கிறது. எல்லாவற்றையும் ஓடவிட்டு வாட் மீட்டரில் பார்த்தேன், 400-ஐத் தாண்டவில்லை. கச்சேரி மேடைக்குப் பெரிய ஆம்ப்ளிஃபயர் ஓட்டுபவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அவர்கள் சர்வோ ஸ்டெபிலைசர் பக்கம் போகலாம்.

இடிக்கு, வீட்டு டிபி பாக்ஸிலேயே டைப் 2 சர்ஜ் அரெஸ்டர்; திடீரென எகிறும் வோல்டேஜை (சர்ஜ்) எர்த்துக்குத் திருப்பிவிடுவது அது. சர்ஜ் தாங்கும் எம்ஓவி வில்லைகள் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தேயும். செத்த பிறகும் கரண்ட் வந்துகொண்டுதான் இருக்கும் என்பதால், நிலைமையைக் காட்டும் சின்ன ஜன்னல் உள்ளதாகப் பார்த்து வாங்கினேன். பக்கத்தில் இடி விழுந்தால் அதுவும் தாங்காது. மேகம் கறுத்ததும் பிளக்கைப் பிடுங்கும் பழக்கத்தை விடவில்லை.

யுபிஎஸ்ஸின் ஃபேன் சத்தம் அறைக்குள் ஆகாததால் அது இப்போது மாடிப்படி அடியில் இருக்கிறது. வீணையில் ஒட்டிய காண்டாக்ட் மைக்கில் மட்டும் இன்னும் ஹம். அது கரண்ட் வயர் வழியாக வருவதில்லை, சுற்றியுள்ள வயரிங்கிலிருந்து மைக் நேராகவே பிடித்துக்கொள்கிறது. அதற்கு, மைக்கின் மெலிந்த சிக்னலைப் பலப்படுத்தும் ஒரு பஃபர் ப்ரீஆம்ப்பும் நல்ல ஷீல்டு கேபிளும் சொல்லியிருக்கிறேன். வந்ததும் மாட்டிப் பார்க்க வேண்டும்.