ஒரே மேசைக்கு இரண்டு கூலி

மண்டபம் பக்கம் இறால் தரம் பிரிக்கும் கம்பெனி ஒன்றில் பல வருடம் வேலை பார்த்தேன். கம்பெனி என்பது பேச்சுக்குத்தான். தகரக் கூரை, சிமெண்டுத் தரை, நீளமாக இரண்டு எவர்சில்வர் மேசை, பின்னால் ஐஸ் நொறுக்கும் மெஷின், அவ்வளவே. மேசைக்கு ஒரு பக்கம் பெண்கள் நாங்கள், எதிர்ப்பக்கம் ஆண்கள். எங்களுக்கு நாள் கூலி 350 ரூபாய், அவர்களுக்கு 500. இதில் ஒளிவுமறைவே கிடையாது. கணக்குப்பிள்ளையின் நோட்டில் ஆண் கூலி, பெண் கூலி என்று இரண்டு பத்தி கோடு போட்டே இருக்கும். அதை மனுப் போட்டு மாற்றினோம். தொண்டி வரைக்கும் உள்ள பெண்கள் எப்படி என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லி வாய் வலிக்கிறது, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

வேலை என்னவென்று தெரிந்தால்தான் சண்டை புரியும். விசைப்படகு கரைக்கு வந்ததும் இறாலைக் கூடை கூடையாக மேசையில் கொட்டுவார்கள். கிலோவுக்கு எத்தனை உருப்படி நிற்கும் என்பதுதான் கவுண்ட். முப்பது நாற்பது ஒரு குவியல், நாற்பது அறுபது இன்னொரு குவியல், தலை தொங்கியது தனி, ஓடு இளகியது தனி. ஒவ்வொன்றையும் எடை போட்டா பார்க்க முடியும்? விரல்தான் தராசு. கையில் எடுத்த நொடியில் எந்தக் குவியல் என்று முடிவாகிவிட வேண்டும். ஐஸ் தண்ணீரில் விரல் மரத்துப்போவதால் ஓடு குத்தியதுகூட வீட்டுக்குப் போய் மிளகாய் கிள்ளும்போதுதான் தெரியும். இந்த வேலையை இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் செய்தோம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, கம்பெனியில் சரக்கு இருக்காது. எங்களில் பாதிப் பேர் நூறு நாள் வேலைக்குப் போய்விடுவோம். அங்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. ஒரு தடைக்காலத்தில் ஊருணி வெட்டிக்கொண்டிருந்தபோது, மண் சட்டியை இறக்கி வைத்துவிட்டு எங்கள் மதினி கேட்டார்: "மம்பட்டி பிடிக்கிற வேலைக்கே கூலி ஒண்ணுதான். எறா பொறுக்குற வேலைக்கு மட்டும் நமக்கு என்ன ஒரு கை குறைவா?"

தடை முடிந்து சரக்கு வர ஆரம்பித்ததும் முதலாளியிடம் கேட்டோம். அவர் கெட்ட மனிதர் இல்லை. வீட்டில் ஒரு கல்யாணம், ஒரு சாவு என்றால் முன்பணம் கொடுப்பவர். அதனாலேயே கேட்பதற்கு நாக்கு எழவில்லை. "ஆம்பளைக்குக் குடும்பம் இருக்கும்மா" என்றார். எங்கள் மேசையில் இரண்டு பேரின் கணவர்கள் அப்போது எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருந்தார்கள். அந்த வீடுகளில் உலை கொதித்தது இந்த 350 ரூபாயில். அதைச் சொன்னதும் பேச்சை மாற்றினார். "அவங்க பெட்டி தூக்குறாங்க, நீங்க தூக்குவீங்களா?" இதற்கு எங்களிடம் பதில் இல்லாமல் போயிற்று.

ராமநாதபுரத்தில் சங்க வேலை பார்க்கும் ஒரு அண்ணனைப் போய்ப் பார்த்தோம். 1976-ஆம் வருடத்துச் சம ஊதியச் சட்டத்தைப் பற்றி முதன்முதலில் அவர் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். வேலைக்குத் தேவையான திறமை, உழைப்பு, பொறுப்பு மூன்றும் ஒத்து, வேலை பார்க்கும் நிலைமையும் ஒன்றாக இருந்தால் கூலியும் ஒன்றாக இருக்க வேண்டும். பெரிதாக ஒன்றுமில்லாத வித்தியாசங்களைக் காட்டித் தப்பிக்க முடியாது. கட்டுப்படியாகவில்லை என்று முதலாளி கையை விரிக்கவும் முடியாது. மெக்கின்னன் மெக்கன்சி கம்பெனியில் ஆண் ஸ்டெனோவைவிடக் குறைந்த சம்பளம் வாங்கிய ஒரு பெண் ஸ்டெனோவின் வழக்கில், உச்ச நீதிமன்றம் 1987-லேயே அதைச் சொல்லிவிட்டதாம். எல்லாம் சொல்லிவிட்டு, "சட்டம் இருக்கு, உங்ககிட்ட காகிதம் இருக்கா?" என்று கேட்டார்.

காகிதம் என்று இருந்தது வாரக் கூலிக் கவர்தான். பழுப்புக் கவரில் பெயர், நாள், தொகை எழுதிக் கொடுப்பார்கள். சிலர் அதை அடுப்புப் பற்றவைக்க எரித்திருந்தார்கள், சிலர் அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருந்தார்கள். தேடிச் சேர்த்தோம். ஆனால் பெண்களின் கவரை மட்டும் வைத்துக்கொண்டு வித்தியாசத்தை எப்படிக் காட்டுவது? ஆண்களின் கவரும் வேண்டும். இங்கேதான் மாட்டிக்கொண்டோம்.

எதிர்ப்பக்கம் நிற்பவர்கள் அந்நியர்கள் இல்லை. மாமன் மகன், கொழுந்தன், பக்கத்துத் தெருத் தம்பி. ஒருத்தரும் கவரைத் தரவில்லை. கோபம் என்று நினைத்தோம். உட்கார்ந்து பேசினால் அது பயம். "உங்களுக்குக் கூட்டச் சொன்னா, எங்களுக்குக் குறைச்சு எல்லாருக்கும் 425-னு ஆக்கிருவாரு மதினி" என்றான் என் கொழுந்தன். நியாயமான பயம்தான். சங்கத்து அண்ணன் அதே சட்டத்தின் 4-ஆவது பிரிவை எடுத்துக் காட்டினார். சமமாக்குகிறேன் என்று சொல்லி யாருடைய கூலியையும் குறைக்கக் கூடாது. டீக்கடை பெஞ்சில் வைத்து அந்த வரியை அவன் விரல் வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தான். அந்த வாரமே கவர்கள் வந்துவிட்டன. என்னைக் கேட்டால் நாங்கள் ஜெயித்த இடம் அந்த டீக்கடைதான்.

அவன் கவரில் இரண்டு வரி இருந்தது. மேலே நாள் கூலி. கீழே 'லோடு' என்று போட்டுத் தனியாக ஒரு தொகை. லாரியில் பெட்டி ஏற்றுவதற்குப் பெட்டிக் கணக்கில் தனிக் கூலி! எந்த வேலைக்காக 150 ரூபாய் அதிகம் என்று முதலாளி சொன்னாரோ, அதற்கு அவர் ஏற்கெனவே தனியாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் எதிரெதிரே நின்றும் எங்களுக்கு இது தெரியாது.

திங்கட்கிழமை மனுவோடு பட்டணம்காத்தான் போய்க் கலெக்டர் ஆபீசில் குறைதீர் நாளில் கொடுத்தோம். விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போய் மறுநாள்தான் கரைக்கு வரும் என்பதால் திங்கட்கிழமை மேசை காலி, யாரிடமும் லீவு கேட்க வேண்டியதில்லை. ரசீதைப் பத்திரமாக வையுங்கள், எங்கே போனாலும் முதலில் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள். மனு எங்கெங்கோ சுற்றித் தொழிலாளர் துறைக்கு வந்தது. நேரே அங்கே கொடுப்பது நல்லது. அப்போது புகாருக்கு ஒரு படிவம், குறைத்துக் கொடுத்த பழைய கூலிப் பாக்கியைக் கேட்க இன்னொரு படிவம், எல்லாம் மூன்று பிரதி. ஒரே இடத்து வேலை, ஒரே கோரிக்கை என்பதால் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுக்க முடிந்தது. தனித்தனி என்றால் பாதிப் பேரை வீட்டிலேயே தடுத்திருப்பார்கள். எங்களுக்காகப் பேசச் சங்கத்து அண்ணனுக்கு எழுத்தில் ஒப்புதல் கொடுத்தோம்.

விசாரணைக்குக் கம்பெனி வக்கீல் ஒரு பதிவேட்டைக் கொண்டுவந்தார். அதில் பெண்கள் எல்லோரும் உதவியாளர்கள், ஆண்கள் எல்லோரும் தரம் பிரிப்பவர்கள். பல வருடப் பதிவும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. அதிகாரி புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார். "கவுண்ட் எப்படிப் பார்ப்பீங்க?" என்று கேட்டார். மதினி எழுந்து, வெறும் கையை நீட்டியபடியே, எடை எங்கே தெரியும், ஓடு இளகினால் விரலுக்கு எப்படி இருக்கும் என்று விளக்கினார். அதே கேள்வியை அதிகாரி கம்பெனி சூப்பர்வைசரிடமும் கேட்டார். "அது இவங்களுக்குத்தான் சார் தெரியும்" என்றார் அந்த மனுஷன். வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் கொழுந்தன் லோடுக் கூலியைச் சொன்னான்.

உத்தரவு வரை போகவில்லை, கம்பெனியே சமரசத்துக்கு வந்தது. மேசை வேலைக்கு எல்லோருக்கும் 500, லோடு தனி. பழைய பாக்கியில் நாங்கள் கேட்டதில் பாதிக்கும் குறைவாகத்தான் கிடைத்தது. இழுத்துப் பிடித்திருந்தால் கூடுதலாக வந்திருக்கும் என்று சிலருக்கு இன்னும் ஆற்றாமை. அடுத்த தடைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது, கையில் காசு வேண்டும், கையெழுத்துப் போட்டோம். ஒரு சீசன் கழித்து முதலாளி நாள் கூலியையே எடுத்துவிட்டுக் கிலோ கணக்குக்கு மாற்றினார், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ரேட்டு. வேகமான கை எங்கள் பக்கம். இப்போது முணுமுணுப்பு எதிர்ப்பக்கம். கொழுந்தன் மேசையை விட்டுவிட்டு முழுசாக லோடு வேலைக்கே போய்விட்டான்.

இனி மனுப் போடுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1976 சட்டம் இப்போது இல்லை. 2019-இல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்துவிட்டது. ஒரே வேலைக்கு ஒரே கூலி, யார் கூலியையும் குறைக்கக் கூடாது என்ற இரண்டும் அதன் 3-ஆவது பிரிவில் இருக்கின்றன. பாக்கி கேட்க மூன்று வருடம் அவகாசம் உண்டு. கூலி பேங்கில் வருகிறது என்றால் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வையுங்கள். லோடுக் கூலி சேர்ந்து வருகிறதா, தனியாக வருகிறதா என்று கூட வேலை பார்க்கும் ஆண்களிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.