விமானிக்கு எதுக்குச் சங்கம்?

லட்சக்கணக்கில் சம்பளம் வாங்கும் விமானிக்கு எதுக்குச் சங்கம் என்று மச்சான் கேட்கிறான். சம்பளம் மட்டுமா பிரச்சினை? பணி நேரம், ஓய்வு, பணிமூப்பு எல்லாம் எழுத்தில் வரணுமே!

1936 ஜூலை 30, நம்ம புதுச்சேரியில் பிரெஞ்சு அரசின் துப்பாக்கிச் சூட்டில் மில் தொழிலாளர்கள் 12 பேர் செத்தார்கள். எட்டு மணி நேர வேலை அதற்கப்புறம்தான் சட்டமானது. அதே 1936-இல்தான் அமெரிக்காவில் ரயில்வே தொழிலாளர் சட்டத்தை விமானத் துறைக்கும் நீட்டினார்கள். (ரயில் சட்டம் வானத்துக்கு!) அதன்படி, நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும் நடுவே பேசும் அரசு அமைப்பான மத்தியஸ்த வாரியம் பேச்சுவார்த்தையிலிருந்து விடுவிக்காமல் வேலைநிறுத்தம் கிடையாது, விடுவித்தாலும் 30 நாள் பொறுக்கணும். பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போக, நிர்வாகத்துக்குத்தான் வசதி. அங்கே ஜெட்புளூ என்ற விமான நிறுவனத்தின் விமானிகள் சங்கம் வேணும்னு வாக்களித்தது 2014-இல். நிர்வாகத்தோடு முதல் ஒப்பந்தம் கையெழுத்தானது 2018-இல். மச்சான், நாலு வருஷம்டா!