ஐஸ்லாந்து இரண்டாம் பிரிவு, 2024: சொந்த மைதானத்துக்கு எத்தனை புள்ளி?

கால்பந்து முடிவுகளை வைத்து அணிகளுக்குத் தரப்புள்ளி போட்டுப் பார்ப்பது சில ஆண்டுகளாக என் பொழுதுபோக்கு. பெரிய லீக்குகளுக்கு ஆயிரம் பேர் கணக்குப் போட்டுவிட்டார்கள் என்பதால், 2024இல் ஐஸ்லாந்தின் இரண்டாம் பிரிவை எடுத்துக்கொண்டேன். நான்கு லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் நாடு. பன்னிரண்டு அணிகள், ஒவ்வொன்றும் மற்றதோடு இரு முறை, ஆக 132 ஆட்டங்கள். மே தொடக்கத்தில் ஆரம்பித்துச் செப்டம்பர் நடுவில் முடிந்துவிடுவதால், ஒரே ஆள் எக்செல் தாளில் கையாலேயே பதிந்து சமாளிக்கலாம். அங்கு மாலை 7:15 என்றால் இங்கு நள்ளிரவு 12:45. ஆகவே முடிவுகளைக் காலைக் காப்பியோடு பதிவதே வழக்கமாயிற்று.

முறை, சதுரங்கத்தில் வழங்கும் எலோ முறைதான். இரு அணிகளின் தரப்புள்ளி வித்தியாசத்திலிருந்து ஓர் எதிர்பார்ப்பு (வெற்றி 1, டிரா 0.5, தோல்வி 0 என்ற அளவில்) வரும், நடந்த முடிவுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை 20 என்ற மாற்ற எண்ணால் பெருக்கித் தரப்புள்ளியை ஏற்றி இறக்க வேண்டும். மேல் பிரிவிலிருந்து இறங்கி வந்த ஈபிவி, கெப்லாவிக் ஆகியவற்றுக்கு 1600, கீழிருந்து ஏறி வந்த ஈஆர், தால்விக்/ரேனிர் ஆகியவற்றுக்கு 1400, மற்ற எட்டு அணிகளுக்கும் 1500 என்று தொடங்கினேன். சொந்த மைதானத்தில் ஆடும் அணிக்கு அந்த ஆட்டத்துக்கு மட்டும் 60 புள்ளி கூடுதல். சம பலமுள்ள இரு அணிகள் மோதினால், இந்த 60 காரணமாக உள்ளூர் அணியின் எதிர்பார்ப்பு 0.585 ஆகிறது, வென்றால் அதற்கு 8.3 புள்ளி ஏறும், டிரா செய்தால் 1.7 இறங்கும்.

அந்த 60தான் ஆண்டு முழுவதும் என்னைத் தூங்கவிடவில்லை.

முதல் சிக்கல் கிரிண்டாவிக். அடுத்தடுத்த நிலநடுக்கங்களால் 2023 நவம்பர் 10 அன்று அந்த ஊர் முழுவதையும் காலி செய்தார்கள். 2024 ஜனவரியில் எரிமலைக் குழம்பு ஊரின் விளிம்புக்குள் புகுந்து சில வீடுகளை எரித்தது. அந்தப் பருவத்தின் 'சொந்த மைதான' ஆட்டங்களை அணி ரெய்க்யாவிக்கின் சாஃபாமீரி மைதானத்தில் ஆடியது. எதிரணி லேக்னிராகவோ த்ரோட்டூராகவோ இருந்தால், நகரத்துக்காரர்கள் அவர்கள், விருந்தாளி கிரிண்டாவிக் என்பதே உண்மை நிலை. சில சுற்றுகள் யோசிக்காமல் 60 போட்டுக்கொண்டே வந்து, பிறகு வெட்கப்பட்டு அந்த வரிசை முழுவதையும் 0 ஆக்கித் தாளைத் தொடக்கத்திலிருந்து மறுபடி ஓடவிட்டேன்.

இதற்கு நேர்மாறானது ஈபிவி. வெஸ்ட்மன் தீவுகளில் ஹைமாயி என்னும் ஒற்றைத் தீவில், பாறைச் சரிவின் அடியில் அதன் மைதானம் இருக்கிறது. போய்ச் சேர ஹெர்யோல்வுர் படகில் சுமார் நாற்பது நிமிடம். கடல் அடம்பிடித்தால் வேறு துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ மூன்று மணி நேரம். எனவே அதற்கு 80 கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் உறைத்தது: மற்ற அணிகளுக்கு அந்தப் படகு பருவத்துக்கு ஒரு முறை, ஈபிவிக்கோ பதினொரு முறை. ஆகவே ஈபிவி வெளியூர் போகும்போது எதிரணிக்கும் 80 என்று வைத்தேன். இது கணக்கல்ல, ஊகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நடுவே ஒரு சொந்தப் பிழை. தோர், த்ரோட்டூர் என்ற இரு பெயர்களையும் அவசரத்தில் மாற்றிப் பதிந்திருக்கிறேன். கடைசியில் தோருக்குப் பன்னிரண்டு உள்ளூர் ஆட்டங்கள் என்று தாள் காட்டியபோதுதான் பிடிபட்டது. பதினொன்றுக்கு மேல் இருக்க வழியே இல்லை.

ஈபிவி முதலிடம் பிடித்து நேரடியாக மேல் பிரிவுக்குப் போனது. ஒரு காலத்தில் போர்ட்ஸ்மவுத் அணியின் தடுப்பாட்டக்காரராக இருந்த ஹெர்மன் ஹ்ரெய்டார்சன் அப்போது அதன் பயிற்சியாளர். குரோட்டாவும் தால்விக்/ரேனிரும் கீழே இறங்கின. என் கணக்கு மோசமாகச் சறுக்கியது ஈஆர் விஷயத்தில். 1400இல் தொடங்கியதாலும், ஒவ்வொரு வெற்றிக்கும் பத்துப் பன்னிரண்டு புள்ளிகளே ஏறியதாலும், பட்டியலில் அந்த அணி ஐந்தாவதாக நின்றபோதும் என் தாளில் அதற்குரிய மதிப்பு வந்து சேரவில்லை. ஐந்தாம் இடம் அங்கு சாதாரண இடமும் அல்ல. முன்பு முதல் இரு அணிகள் நேராக ஏறும். 2023 முதல் முதல் அணி மட்டுமே அப்படி ஏற, இரண்டு முதல் ஐந்து வரையிலான அணிகள் மிச்சமுள்ள ஓர் இடத்துக்காக பிளே-ஆஃப் ஆடுகின்றன. முதலிடத்துக்கும் ஐந்தாமிடத்துக்கும் இடையே சொற்பப் புள்ளிகளே இருந்த பருவத்தில், இந்த விதி நியாயமானதென்றே எனக்குப் படுகிறது.

அரையிறுதிகளில் கெப்லாவிக் ஈஆரையும், ஆஃப்டுரெல்டிங் ஃபியோல்னிரையும் வென்றன. இறுதியாட்டம் தேசிய மைதானமான லௌகார்டால்ஸ்வொட்லூரில் நடந்ததால் யாருக்கும் 60 கிடையாது. என் தாள் கெப்லாவிக்குக்கு 56 சதவீதம் தந்தது. வென்றதோ 1–0 என ஆஃப்டுரெல்டிங். முந்தைய ஆண்டின் பிளே-ஆஃப் இறுதியில் கூடுதல் நேரத்தில் வெஸ்ட்ரியிடம் தோற்ற அதே அணி, முதன்முறையாக மேல் பிரிவுக்குப் போனது. அவ்வளவு நெருங்கி வந்த அணியை மற்ற ஏழு அணிகளோடு சேர்த்து 1500இல் நிறுத்தியது என் சோம்பல்.

2025க்கான தாளில், முந்தைய பருவத்தின் இறுதித் தரப்புள்ளிக்கும் 1500க்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை முன்னெடுத்துச் செல்வதென்றும், மாற்ற எண்ணை 20இலிருந்து 32 ஆக்குவதென்றும் முடிவு செய்தேன். அந்த ஆண்டு கிரிண்டாவிக் தன் ஊர் மைதானத்துக்குத் திரும்பியது. அதன் வரிசையில் 0 என்றிருந்ததை அழித்துவிட்டு 60 என்று எழுதினேன்.