முள்வேலிக்கு இந்தப் பக்கம்

ஏப்ரல் 6, ஞாயிறு

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துத் திருச்சபையில் காலை ஆராதனை. முடிந்ததும் கமிட்டிப் பெரியவர் ஒருவர் போதகரான என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "ஐயரே, அந்தப் பாட்டி ரெண்டு நாள் தாங்காது. குழி அந்தப் பக்கம்தான், பழக்கத்தை மாத்திடாதீங்க." கல்லறைத் தோட்டத்தின் நடுவே கருவேல முள்ளை வெட்டிப் போட்ட வேலி. வேப்பமர நிழல் ஒரு சாதிக்கு, மழைத் தண்ணீர் தேங்கும் பள்ளம் இன்னொரு சாதிக்கு. ஞானஸ்நானம் மட்டும் எல்லாருக்கும் ஒரே தொட்டியில்.

ஏப்ரல் 7, திங்கள்

தூக்கம் இல்லை. அரசரடி இறையியல் கல்லூரியில் பரீட்சைக்காகப் படித்த, ஹிட்லரை எதிர்த்த ஜெர்மன் போதகர் போன்ஹோஃபரை மறுபடி எடுத்தேன். ஹிட்லர் பதவிக்கு வந்த 1933லேயே அவர் எழுதிவிட்டார்: சக்கரத்தில் நசுங்கியவர்களுக்குக் கட்டுப் போடுவதோடு சபையின் வேலை முடியாது, சக்கரத்தையே தடுத்து நிறுத்த வேண்டிய நேரமும் வரும். 1939இல் நியூயார்க்கில் பத்திரமாக இருந்திருக்கலாம், ஜூலையில் கப்பலேறித் திரும்பிவிட்டார், தன் ஜனங்களோடு கஷ்டப்படாதவனுக்குப் பின்னால் அவர்களோடு சேர்ந்து எதையும் கட்ட உரிமை இல்லை என்று. அதே ஜூலை 8ஆம் தேதிதான் இங்கே வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். அவர் சாமி வேறு, என் சாமி வேறு, இருந்தாலும் அந்த வாசல்படியை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

விசுவாசம் முதலில், தைரியம் அப்புறம் என்றுதான் பிரசங்கங்களில் சொல்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கால் எடுத்து வைக்கிற இடத்தில்தான் விசுவாசமே உண்டாகிறது, பேதுரு படகைவிட்டு இறங்கியபோது கடல் அடங்கியிருக்கவில்லையே.

ஏப்ரல் 9, புதன்

நேற்று இரவு பாட்டி போய்விட்டார். காலையிலேயே குழி வெட்டுகிறவரிடம் வேப்பமரத்தடியைக் காட்டி, நானும் ஒரு மண்வெட்டியோடு நின்றேன். பெரியவர் வந்து, "இடமாறுதல் வந்துரும் ஐயரே" என்றார். "வரட்டும்ங்க" என்றேன். கை நடுங்கியது உண்மை. அடக்கத்துக்குப் பாதிப் பேர் வரவில்லை, ஆனால் நிழல் பக்கத்து வீட்டுப் பையன்கள் நாலைந்து பேர் பெட்டியைத் தூக்கத் தோள் கொடுத்தார்கள், அதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

1945இல் இதே ஏப்ரல் 9ஆம் தேதிதான் ஃப்ளாசன்பர்க் முகாமில் போன்ஹோஃபரைத் தூக்கிலிட்டார்கள். வயது 39. அவர் கொடுத்த விலை எங்கே, ஒரு மாறுதல் உத்தரவு எங்கே.

குருத்தோலை ஞாயிறன்று கமிட்டி கூடுகிறது. வேலியை எடுக்கும் தீர்மானத்தை நானே வைக்கிறேன்.