மகளுக்கு இந்தப் போர்ப்படம் சரிப்படுமா?

'சேவிங் பிரைவேட் ரயன்' பார்க்கலாமா என்று என் மகள் கேட்கிறாள். வயது 14. ஸ்பீல்பெர்க் 1998-ல் எடுத்த படம். அமெரிக்காவில் 'ஆர்' சான்று, அதாவது 17 வயதுக்குக் கீழே இருந்தால் பெரியவர் துணை வேண்டும். பிரிட்டனில் 15. நாட்டுக்கு நாடு கோடு மாறுகிறது என்றால், முடிவை நான்தான் எடுக்க வேண்டும்.

அதனால் முதலில் தனியாக மறுபடி பார்த்தேன். இரண்டாம் உலகப் போர், 1944 ஜூன் 6, பிரான்ஸில் நார்மண்டியின் ஒமாஹா கடற்கரை. அமெரிக்க வீரர்கள் படகுகளில் வந்து இறங்குகிறார்கள். படகுக் கதவு இறங்கியதுமே குண்டுகள் பாய்கின்றன. அறுந்து விழுந்த தன் கையைத் தானே குனிந்து எடுக்கிறான் ஒருவன். அம்மா என்று கதறுகிறான் இன்னொருவன். பின்னணி இசையே இல்லை. கொடூரம்தான், ஆனால் எங்கேயும் கொண்டாட்டம் இல்லை, சாவு வலிக்கிறது. எதிரிகளை வரிசையாகச் சுட்டுவிட்டு நாயகன் ஸ்டைலாக நடந்துவரும் படங்கள்தான் எனக்கு அதிக பயம், அதில் ரத்தமே தெரியாவிட்டாலும்.

உறுத்துவது பிற்பாடு வரும் கத்திச் சண்டை. அவ்வளவு நெருக்கத்தில், அவ்வளவு மெதுவாக ஒரு கொலை. அதைப் பற்றி அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். பகலில், என்னோடு சேர்ந்து பார்க்கலாம். போதும் என்றால் உடனே நிறுத்திவிடலாம். தம்பிக்கு இப்போதைக்குக் கிடையாது.