தூத்துக்குடி முதல் உடன்குடி வரை: மழை வேண்டாம் என்கிற ஊர்கள்

தூத்துக்குடியில் திருச்செந்தூர் பஸ் ஏறி சன்னலோரம் உட்கார்ந்தால் போதும், பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த மண்வகை, தொழில், இயற்கை வளம் எல்லாம் ரோட்டோரமாகவே வரிசைகட்டி வரும். நேரே போனால் ஒரு மணி நேரப் பாதைதான். நான் அங்கங்கே இறங்கிப் பேசிக்கொண்டே போனதில் பொழுது சாய்ந்துவிட்டது.

முத்தையாபுரம் பக்கம் உப்பளங்கள். நாட்டில் உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு, அதில் பெரும்பங்கு இந்த மாவட்டத்திலிருந்துதான் போகிறது. உப்புநீரைப் பெரிய பாத்திகளில் தேக்கி வெயிலில் சுண்டவிடுகிறார்கள், ஜிப்சம் அங்கேயே படிந்துவிடும், அப்புறம் அந்தக் கெட்டித் தண்ணீரைச் சின்னப் பாத்திகளுக்கு மாற்றினால்தான் உப்பு விளையும். காலை ஒன்பது மணிக்கே அந்த வெள்ளையைப் பார்க்கக் கண் கூசுகிறது. நாள் முழுக்க அதிலேயே நிற்பவர்களின் கண் என்ன ஆகும்! உப்பு வாரிக்கொண்டிருந்த அக்கா ஒருவர், “தீபாவளி வரைக்கும் மழை வராம இருந்தா நல்லாருக்கும் தம்பி” என்றார். வடகிழக்குப் பருவமழை இறங்கினால் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களுக்காக அரசு மொத்தமாக 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது. ஒரு குடும்பம் அதை வைத்து எத்தனை நாள் ஓட்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பழையகாயல் தாண்டி முக்காணியில் தாமிரபரணியைக் கடந்தால் அப்படியே வேறு ஊர். வாழை, நெல், ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால், கொடி படர அகத்தி. இங்கே பெய்யும் மழை குறைவுதான், ஆனால் பொதிகை மலையில் பெய்வதை ஆறு கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. இதே ஆற்றங்கரை ஊர்களைத்தான் 2023 டிசம்பர் வெள்ளம் புரட்டிப்போட்டது. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், ஒரு வருஷத்துக்குப் பெய்ய வேண்டியதைவிட அதிகம். உப்பளங்களும் அதில் மூழ்கின.

திருச்செந்தூரில் முருகனைப் பார்த்துவிட்டு (கூட்டத்தைப் பற்றி எழுதினால் அதுவே தனிக் கட்டுரை) காயாமொழிப் பக்கம் திரும்பினேன். குதிரைமொழித் தேரி! இரும்பு ஆக்சைடு படிந்து சிவந்த மணல், காற்று கொண்டுவந்து குவித்த மேடுமேடான மணல். தண்ணீர் நிற்காத இந்த மண்ணிலும் பனையும் முந்திரியும் வளர்கின்றன. மணல் நகராமல் பிடித்து வைக்க வனத்துறை மரம் நட்டிருக்கிறது. மத்தியானம் செருப்பில்லாமல் கால் வைத்துவிடாதீர்கள்.

கடைசியில் உடன்குடி. பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த ஊர். பதநீர் புளிக்காமல் இருக்க கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுகிறார்கள், காலையும் மாலையும் மரம் ஏறுகிறார்கள், அப்புறம் மணிக்கணக்காகக் காய்ச்சுகிறார்கள். இவர்களுக்கும் பருவத்தில் மழை ஆகாது, நனைந்த மரத்தில் கால் வழுக்கும், பதநீரில் தண்ணீர் சேரும். பிள்ளைகள் யாரும் பனை ஏற வரவில்லை என்று பெரியவர் ஒருவர் சொன்னார், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போவதென்றால் ஏப்ரல், மே மாதம் போங்கள். வெயில் கொளுத்தும்தான், ஆனால் உப்பும் பதநீரும் சேர்ந்து கிடைப்பது அப்போதுதான். கருப்பட்டியைக் காய்ச்சுகிற இடத்திலேயே கேட்டு வாங்குங்கள், கடைகளில் சீனி கலந்ததும் விற்கிறது.