கரிசல் மண்ணில் வீடு கட்டினோம்

நாங்கள் மனை வாங்கியது கோவில்பட்டியின் ஓரத்தில், சுத்தமான கரிசலில். பருத்திக்கும் கம்புக்கும் அதைப்போல நல்ல மண் கிடையாது. வீட்டுக்கு அதைப்போலப் பொல்லாத மண்ணும் கிடையாது. மழை பெய்தால் ஈரத்தைக் குடித்து உப்புகிறது. கோடையில் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. ஆழமில்லாமல் வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டிக் கட்டிய அஸ்திவாரம் அதனோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஜன்னல் மூலையில் தொடங்கிச் சாய்வாக ஓடும் விரிசலையும், ஐப்பசி கார்த்திகையில் மட்டும் நிலையில் இடிக்கும் கதவையும் இந்தப் பக்கத்து மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என் கணவருக்கு வெளியூரில் வேலை. அதனால் மேஸ்திரியோடு நின்று கட்டியது நான்தான். கூலி வேலை மட்டும் மேஸ்திரி பொறுப்பு, பொருள் எங்கள் பொறுப்பு என்று பேசிக்கொண்டோம். நின்று பார்க்க ஓர் ஆள் இருக்கும் வீட்டுக்கு இந்த ஏற்பாடுதான் சரி என்பது என் முடிவு.

காகித வேலை பயந்த அளவுக்கு இல்லை. பத்திரம், பட்டா, நிலத்தின் அளவு வரைபடமான புலப்படம் மூன்றிலும் சர்வே எண்ணும் பரப்பும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துக்கொண்டேன். 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரைக்கும், தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ கட்ட, இணையத்தில் விண்ணப்பித்தாலே அனுமதி வந்துவிடுகிறது. எங்கள் வீடு அதற்குள் அடங்கியது.

மண் பரிசோதனைக்குத்தான் வீட்டிலேயே எதிர்ப்பு. "நம் தாத்தா காலத்தில் யார் மண்ணைச் சோதித்தார்கள்?" என்றார் மாமனார். அவரை எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் பரிசோதனையைச் செய்தேன். மொத்தச் செலவில் அது எள்ளளவு. கறுப்பு மண் ஏறக்குறைய ஒன்பது அடி, அதற்குக் கீழே சுண்ணாம்புக் கல் கலந்த சுக்கான் என்று அறிக்கை வந்தது. பொறியாளர் யோசிக்கவே இல்லை, அண்டர்ரீம் பைல், அதாவது அடியில் குமிழ் விட்ட கான்கிரீட் தூண் என்றார். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் இந்த மண்ணுக்காகவே வளர்த்தெடுத்த முறை அது.

மூன்று கால் சட்டத்தை நட்டு, ஆகர் என்ற, கையால் திருகும் துளைக்கருவியை இறக்கி, ஓரடி விட்டத்தில் பன்னிரண்டு அடி ஆழத்துக்குக் குழி எடுத்தார்கள். அடியில் கத்தி விரியும் கருவியை இறக்கிச் சுற்றினால், அந்த இடம் மட்டும் இரண்டரை மடங்கு அகலமாகக் குடைந்துகொள்கிறது. கம்பிக்கூட்டை இறக்கிக் கான்கிரீட் நிரப்பியதும், அடியில் காயோடு நிற்கும் வெங்காயத்தாள் போல ஒரு தூண் மண்ணுக்குள் நின்றுவிடும். மேல்மண் உப்பித் தூக்கப் பார்த்தாலும், ஈரம் ஏறி இறங்காத ஆழத்தில் இருக்கும் அந்தக் குமிழ் விடாது.

முதல் குழியின் மண் வாளியில் ஏறி வந்தபோது பக்கத்திலேயே நின்றேன். கறுப்பு மண் வாளியின் ஓரத்தை விட்டு வர மறுத்தது. கரண்டியால் சுரண்டித்தான் எடுத்தார்கள். ஆழம் போகப்போக நிறம் வெளுத்து, பொடிப்பொடியாகச் சுண்ணாம்புக் கற்கள் கலந்து வந்தன. மேஸ்திரி ஒரு கட்டியை விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, "பிடிமானம் வந்துவிட்டது, தாயி" என்றார். "இன்னும் மூன்றடி இறக்குங்கள் அண்ணாச்சி, வரைபடத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்றேன். இறக்கினார். ஒவ்வொரு குழியிலும் கயிற்றில் இரும்புக் குண்டைக் கட்டிவிட்டு ஆழம் பார்த்தேன். அடியில் உதிர்ந்து கிடக்கும் மண்ணை எடுக்காமல் கான்கிரீட் ஊற்ற விடவில்லை.

இந்த முறையில் பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. பைல்களை இணைக்கும் பீமுக்கும் தரைக்கும் நடுவே மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் வெற்றிடம் இருக்க வேண்டும். மண் உப்பும்போது அந்த இடத்துக்குள் உப்பிக்கொள்ளும், பீமைத் தூக்காது. அதை மண்ணால் அடைத்துவிட்டால் பைலுக்குச் செலவழித்தது வீண். அதேபோலத் தோண்டிய கரிசலை, வீட்டுத் தரைக்கு அடியில் வரும் பேஸ்மட்டத்துக்குள்ளேயே தள்ளி நிரப்பும் வழக்கமும் இருக்கிறது. லாரி வாடகை மிச்சம்தான். தரைக்கல் தூக்கிக்கொள்ளும்போது யார் வருவார்கள்? நாங்கள் கரிசலை வெளியே கொட்டிவிட்டுக் கிராவல் வாங்கி, அரையடி அரையடியாக நீர் விட்டுக் கெட்டித்தோம்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஆழ்துளைக் கிணற்றில் உப்புத் தண்ணீர். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்பது இந்தியத் தரவிதி. மீறினால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். எங்கள் தண்ணீர் அந்த அளவைத் தாண்டியிருந்தது. லாரித் தண்ணீர் வாங்கித்தான் கலவையும் போட்டோம், கான்கிரீட் காயாமல் நனைத்தும் வைத்தோம். அந்தச் செலவு வலித்தது. ஆனால் சிமெண்டுக்கும் கம்பிக்கும் பெயர் பார்த்து வாங்கிவிட்டு, உப்புத் தண்ணீரை ஊற்ற எனக்கு மனம் வரவில்லை.

செங்கல் கட்டும் வேலை, லிண்டல், சன்ஷேடு எல்லாம் தடங்கலின்றி ஏறின. கூரைக் கான்கிரீட் அப்படி இல்லை. முந்தின நாள் மாலையிலேயே பொறியாளர் மேலே ஏறிக் கம்பி இடைவெளியை அளந்தார். கம்பி தகட்டில் ஒட்டாமல் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் இல்லாத இடங்களில் நானே வைத்தேன். காலையில் கலவை இயந்திரம் ஓடத் தொடங்கியதும் இயந்திரத்தின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். கலவை இளக்கமாக இருந்தால் சட்டி சுமப்பவர்களுக்கும் பரப்புபவர்களுக்கும் சுலபம், அதனால் வாளி தண்ணீர் கூடிக்கொண்டே போகும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வெயிலில் சட்டியைத் தலையில் ஏற்றி ஏணியில் நிற்பது அவர்கள்தான். ஆனால் கூடுதல் தண்ணீர் கான்கிரீட்டின் பலத்தைத் தின்றுவிடும். மூட்டைக்கு 25 லிட்டரைச் சுற்றியே நிறுத்த வேண்டும் என்று பொறியாளர் சொல்லியிருந்தார், வாளியில் கோடு போட்டுக் கொடுத்தேன். மோருக்கும் பதநீருக்கும் குறைவில்லாமல் பார்த்துக்கொண்டேன். பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்தது.

மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமெண்ட் என்பதால் பத்து நாளுக்குக் குறையாமல் ஈரம் காயக் கூடாது. கூரைக் கான்கிரீட் இறுகும்வரை அடியில் தாங்கும் சென்ட்ரிங் தகடு வாடகைக்குக் கொடுத்தவருக்கு வேறொரு இடத்தில் தேவை வந்தது. ஒரு வாரத்திலேயே பிரிக்கச் சொல்லி ஆளையும் அனுப்பிவிட்டார். ஹாலின் அகலம் பதினைந்து அடிக்கு மேல். நாலரை மீட்டரைத் தாண்டினால் 14 நாள் முட்டு நிற்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கூடுதல் வாடகை தருகிறேன், தகட்டைத் தொடக் கூடாது என்றேன். அவர் கோபித்துக்கொண்டுதான் போனார்.

பூச்சுக்கு முன்பு ஒவ்வொரு சுவரையும் டேப்பைப் பிடித்துப் படம் எடுத்து வைத்தேன்: மின்குழாய் எங்கே, தண்ணீர்க் குழாய் எங்கே, எந்த உயரத்தில் என்று. குடிவந்த பிறகு ஏசி மாட்ட வந்தவர் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் துளையைத் தள்ளிப் போட்டார். இல்லாவிட்டால் துளைக்கும் கருவி நேராகக் குழாயில் இறங்கியிருக்கும்.

தையில் பால் காய்ச்சினோம். வீட்டைச் சுற்றி நான்கடி அகலத்துக்கு வெளியே சாய்வாகத் தளம் போட்டிருக்கிறோம், மழைத் தண்ணீர் அஸ்திவாரத்தின் பக்கம் இறங்காமல் இருக்க. மாடித் தண்ணீரும் குழாய் வழியாக மனையின் கோடியில் இருக்கும் சேகரிப்புக் குழிக்குப் போய்விடுகிறது. வேம்பு சுவரை ஒட்டி வேண்டாம், வேர் ஈரத்தை உறிஞ்சினால் அந்தப் பக்க மண் மட்டும் சுருங்கும் என்று பொறியாளர் சொன்னதால் அதையும் தள்ளியே நட்டோம். கோடைதோறும் அந்தத் தளத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இணைப்பைப் பார்த்து, விட்டிருந்தால் தார் ஊற்றி அடைக்க வேண்டும். இந்தச் சித்திரைக்கான தாரை வாங்கி வைத்துவிட்டேன்.